மண்ணின் மூச்சும் பயிர்க்கழிவும்: வெப்பத்துக்கு இதில் என்ன பங்கு?

2005ல் தேசியப் பூங்காக் கழகம் கம்யூனிட்டி இன் புளூம் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே மண்ணைத் தொட்டுப் பழகியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் அவர்களுக்குள் ஒரு கேள்வி வரும். வெண்டைத் தட்டை, கங்கோங் வேர், சர்க்கரைவள்ளிக் கொடி, வெட்டிய வாழைமட்டை, இதையெல்லாம் என்ன செய்வது?

மண்ணிலேயே போட்டுவிடுங்கள், அதிலுள்ள கார்பன் முழுதும் மண்ணில் தங்கிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அழுகினால் கரியமில வாயு வெளியேறும், பையில் கட்டிக் குப்பையில் போடுவதுதான் நல்லது என்று வேறு சிலர். நம் ஊர் வெக்கைக்கு எதைப் போட்டாலும் நிற்காது, போட்டு என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு.

மூன்று பேச்சிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் போய் நிற்கிற முடிவு சரியில்லை. இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் சிக்கல் இது. மண்ணில் உள்ள உயிர்கள் எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்பது ஒரு கேள்வி. வெப்பம் கூடினால் அந்த வேகம் எவ்வளவு மாறும் என்பது இன்னொன்று. பயிர்க்கழிவு இரண்டையும் மாற்றுகிறது, அதுவும் வெவ்வேறு விதமாக. படிப்படியாகப் பார்ப்போம்.

## மண் மூச்சு விடுகிறதா?

விடுகிறது. ஒரு தேக்கரண்டி நல்ல தோட்ட மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் நீளநீளமான பூஞ்சை இழைகளும் இருக்கின்றன. நாம் சோறு தின்று, ஆக்சிஜனை உள்ளிழுத்து, கரியமில வாயுவை வெளியே விடுவது போலத்தான் அவையும் செய்கின்றன. அவற்றின் உணவு செத்த இலையும் வேரும் தண்டும். அந்த உணவிலுள்ள கார்பனை எரித்து ஆற்றல் எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடுவதற்குத்தான் நுண்ணுயிர்ச் சுவாசம் என்று பெயர். உயிருள்ள வேர்களும் தம் பங்குக்கு மூச்சு விடும். இரண்டையும் சேர்த்து மண் சுவாசம் என்கிறார்கள்.

அளப்பதும் கடினமில்லை. மண்ணை மூடிய ஜாடியில் வைத்து, உள்ளே ஒரு சிறு குப்பியில் காரக்கரைசலை வைத்தால், வெளிவரும் கரியமில வாயுவை அது பிடித்துக்கொள்ளும். பிடிபட்டது எவ்வளவு என்று பிறகு கணக்கிடலாம். இப்போது அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் கருவிகளைத் தோட்டத்துக்கே எடுத்துப்போகிறார்கள்.

உலக மண் முழுவதும் ஓர் ஆண்டில் இப்படி விடும் கார்பன் ஏறத்தாழ 8,000 முதல் 10,000 கோடி டன். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எல்லாவற்றையும் எரித்து மனிதர்கள் விடுவது சுமார் 1,000 கோடி டன். இதைப் பார்த்து மண்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மண் விடும் கார்பன், தாவரங்கள் சற்று முன்பு காற்றிலிருந்து ஒளிச்சேர்க்கையால் எடுத்த அதே கார்பன். வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் கணக்கு அது. ஆனால் அவ்வளவு பெரிய கணக்கில் செலவு சில விழுக்காடு கூடினாலே பெரிய தொகையாகிவிடும். உலகம் சூடானால் மண்ணின் மூச்சு எவ்வளவு வேகமெடுக்கும் என்று அறிவியலாளர்கள் இத்தனை ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான்.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம்: மண்ணில் போட்ட கழிவு நுண்ணுயிரிகளுக்கு உணவு. அதைத் தின்னும்போது கரியமில வாயு வந்தே தீரும். அது அவை உயிரோடு இருப்பதற்கான அடையாளம்.

## எல்லாக் கழிவும் ஒன்றல்ல

ஒரு செடியின் உடம்பில் பல வகைப் பொருள்கள் இருக்கின்றன. சர்க்கரையும் மாவுச்சத்தும் புரதமும் எளிதில் கரைபவை, சில நாள்களில் தீர்ந்துவிடும். அடுத்தது செல்லுலோஸ், சர்க்கரை மூலக்கூறுகளை நீளமாகக் கோத்த நார். அதை வெட்ட நுண்ணுயிரிகள் தங்கள் உடம்புக்கு வெளியே நொதிகளைச் சுரக்க வேண்டும். நொதி என்பது வேதிவினையை விரைவாக்கும் புரதம். கடைசியில் மிஞ்சுவது லிக்னின், தண்டுக்கு விறைப்பைத் தரும் மரப்பொருள். ஒழுங்கான அடுக்கு எதுவும் இல்லாமல் பின்னிக்கிடக்கும் பொருள் அது. அதை நன்றாக உடைக்கத் தெரிந்தவை சில பூஞ்சைகள்தான்.

அதனால் கங்கோங் இலை ஒரு வாரத்தில் அடையாளம் தெரியாமல் போகிறது. கத்தரிச் செடியின் அடித்தண்டு மாதக்கணக்கில் கிடக்கிறது.

இன்னொரு விஷயம் நைட்ரஜன். ஒரு பொருளில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எத்தனை பங்கு கார்பன் இருக்கிறது என்பதுதான் கார்பன்-நைட்ரஜன் விகிதம். பயறுவகைச் செடிகளின் பச்சைத் தழையில் இது 15 முதல் 25 வரை இருக்கும். வைக்கோலில் 60, 80 என்று போகும். மரத்தூளில் நூற்றுக்கணக்கில். நுண்ணுயிரியின் உடம்பிலோ 8 அளவில்தான் இருக்கிறது. அதனால் வைக்கோல் தின்னும் நுண்ணுயிரிக்கு நைட்ரஜன் போதாது. பக்கத்து மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். காய்ந்த இலையையும் மரத்தூளையும் தாராளமாகக் கிளறிவிட்ட பாத்தியில் கீரை மஞ்சளாகி நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். நோய் என்று நினைத்து மருந்து தேடுவார்கள். பல சமயம் அது தற்காலிக நைட்ரஜன் பஞ்சம்தான். நுண்ணுயிரிகள் செத்து மடியும்போது அந்த நைட்ரஜன் திரும்பவும் மண்ணுக்கே வந்துவிடும்.

தின்ற கார்பன் முழுதும் மூச்சாகப் போவதில்லை. ஒரு பகுதி நுண்ணுயிரியின் உடம்பாக மாறுகிறது. அது செத்த பிறகு அந்த மிச்சம் களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு நீண்ட காலம் தங்குகிறது. மண்ணில் தங்கும் பழைய கார்பனில் கணிசமான பகுதி இப்படி நுண்ணுயிரிகளின் செத்த உடம்பிலிருந்து வந்தது என்பது இப்போதைய புரிதல். மூச்சு விடுவதும் சேமிப்பதும் ஒரே வேலையின் இரு பக்கங்கள். நுண்ணுயிரி தின்னாமல் மண் வளம் சேராது என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

## இப்போது வெப்பத்துக்கு வருவோம்

தோசை மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி அடுப்படியில் வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். ஏர்கான் போட்ட அறையில் வைத்தால் மந்தமாகப் புளிக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் நாள்கணக்கில் அப்படியே இருக்கும். மாவும் அதிலுள்ள நுண்ணுயிரிகளும் மாறவில்லை, வெப்பநிலை மட்டும் மாறியது. மண்ணிலும் அப்படித்தான்.

இந்த மாற்றத்தை ஓர் எண்ணால் சொல்வதற்குக் கியூ10 என்று பெயர். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடும்போது வேகம் எத்தனை மடங்காகிறது என்பதே அது. 20 டிகிரியில் விட்டதைப் போல இரண்டு மடங்கு வாயுவை 30 டிகிரியில் ஒரு மண் விட்டால், அதன் கியூ10 இரண்டு. மண் சுவாசத்துக்கு அடிக்கடி கிடைக்கும் எண்ணும் இரண்டை ஒட்டியதுதான். வேகம் வெப்பத்துக்கு எவ்வளவு அசைந்துகொடுக்கிறது என்பதைச் சொல்வதால் இதை வெப்ப உணர்திறன் என்போம்.

இதை வயலில் காட்டிய அழகான சோதனை ஒன்று உண்டு. கதிரியக்கக் கார்பன் கலந்த காற்றில் புல் வளர்த்து, அதை மண்ணில் கலந்து, அந்தக் கார்பன் எவ்வளவு மிஞ்சுகிறது என்று இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பார்த்துவந்தார்கள். ஓராண்டில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அதே சோதனையை நைஜீரியாவின் இபாடானில் செய்து, ஜென்கின்சனும் அயனாபாவும் 1977ல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே சிதைவு நான்கு மடங்கு வேகமாக நடந்தது. ராத்தம்ஸ்டெட்டின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 9 டிகிரி, இபாடானில் சுமார் 26. 17 டிகிரி வித்தியாசத்துக்கு நான்கு மடங்கு என்றால், 10 டிகிரிக்கு இரண்டேகால் மடங்கு வரும். மழையும் மண்ணும் இரண்டு இடத்திலும் ஒன்றல்ல, அதனால் இது முழுக்க வெப்பத்தின் கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனாலும் எவ்வளவு அருகில் வருகிறது பாருங்கள்.

சிங்கப்பூரின் சராசரி இபாடானைவிடக் கொஞ்சம் அதிகம், 27, 28 டிகிரி. ஆக இங்கே கழிவு சீக்கிரம் மறைகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சோதனையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. இபாடானிலும் சிதைவின் போக்கு இங்கிலாந்தில் இருந்ததைப் போலவே இருந்தது: முதலில் வேகமாகக் குறைந்து, பிறகு ஒரு பகுதி மெதுவாகவே கரைந்தது. வெப்பநாட்டிலும் எல்லாம் மாயமாவதில்லை. ஒரு மிச்சம் நிற்கிறது. ஒவ்வொரு அறுவடைக்கும் கழிவைத் திருப்பிக் கொடுத்தால் மிச்சத்தின் மேல் மிச்சம் சேரும்.

## வேகம் வேறு, உணர்திறன் வேறு

பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். சீக்கிரம் மட்கும் பொருள்தான் வெப்பத்துக்கும் அதிகமாகத் துள்ளும் என்று தோன்றும். உண்மை பெரும்பாலும் நேர்மாறானது.

ஒரு வினை தொடங்க மூலக்கூறுகள் தாண்ட வேண்டிய ஆற்றல் தடைக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். சர்க்கரைக்கு அந்தத் தடை தாழ்வானது, குளிரிலும் தாண்டிவிடலாம். லிக்னினுக்கு உயரமானது. வெப்பம் கூடும்போது உயரமான தடையைத் தாண்டும் மூலக்கூறுகளின் எண்ணிக்கைதான் மடங்குக் கணக்கில் அதிகமாக ஏறுகிறது. ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் அரீனியஸ் 1889ல் தந்த சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. அதே மனிதர்தான் 1896ல் காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்றும் கணக்குப் போட்டவர். அவருடைய இரண்டு கணக்குகளும் இன்று மண்ணில் வந்து சந்திக்கின்றன என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

புரிவதற்காக இரண்டு கற்பனை எண்களை எடுத்துக்கொள்வோம். இளம் இலை 20 டிகிரியில் 10 அலகு வாயு விட்டு, 30 டிகிரியில் 18 அலகு விடுகிறது. கியூ10 1.8. முற்றிய தண்டு 20 டிகிரியில் 1 அலகு, 30 டிகிரியில் 3 அலகு. கியூ10 3. எந்த வெப்பத்திலும் இலைதான் வேகம். ஆனால் வெப்பத்துக்கு அதிகம் அசைவது தண்டு.

ஒரே கழிவிலும் காலப்போக்கில் இது மாறும். முதல் வாரங்களில் சர்க்கரை எரியும்போது உணர்திறன் குறைவாகவும், முரடான மிச்சம் மட்டும் நிற்கும்போது அதிகமாகவும் இருக்கும். இந்த மண்ணின் கியூ10 என்ன என்று கேட்டால், கழிவு போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

சுருக்கமாக: வேகத்தைத் தீர்மானிப்பது உணவு எவ்வளவு எளிது என்பது. உணர்திறன் எளிய உணவுக்குக் குறைவு, முரட்டு உணவுக்கு அதிகம்.

## அப்படியானால் கழிவு போட்டால் உணர்திறன் குறையுமா?

அவ்வளவு நேராக இல்லை. தோசை மாவுக்கே திரும்புவோம். மாவிலுள்ள சர்க்கரையெல்லாம் தீர்ந்து புளித்துப்போன பிறகு அதை எவ்வளவு சூடான இடத்தில் வைத்தாலும் மறுபடி பொங்காது. தின்ன ஒன்றும் இல்லாதபோது வெப்பம் என்ன செய்யும்? வெற்று மண்ணிலும் அதே நிலைதான். உணவில்லாத நுண்ணுயிரிகள் அரைத் தூக்கத்தில் கிடக்கின்றன. அங்கே வெப்பத்தைக் கூட்டினாலும் மூச்சு பெரிதாக ஏறாது. அந்த மண்ணில் அளக்கும் கியூ10 சிறியதாகத் தெரியும். பொருளின் இயல்பான உணர்திறன் சிறியது என்று அதற்கு அர்த்தமில்லை. உணவுப் பற்றாக்குறை அதை மறைத்து வைத்திருக்கிறது.

அங்கே புதுக் கழிவைப் போட்டால் பற்றாக்குறை நீங்கும், மறைந்திருந்த உணர்திறன் வெளியே வரும், எண் ஏறும். ஆனால் போட்டது எளிய உணவு என்றால் அதன் இயல்பான உணர்திறன் குறைவு, அது எண்ணைக் கீழே இழுக்கும். இரண்டு கைகள் எதிரெதிராக இழுக்கின்றன. எந்தக் கை வெல்லும் என்பது மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு உணவு இருந்தது, போட்டது இலையா தண்டா, நைட்ரஜன் போதுமா, எப்போது அளந்தார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது. கழிவு சேர்த்தால் உணர்திறன் கூடியது என்று ஓர் ஆய்வும் குறைந்தது என்று இன்னொன்றும் சொல்வதைப் பார்த்து, விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லை என்று சலித்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் தத்தம் மண்ணில் சரியாக இருக்க முடியும்.

இதோடு புது உணவு பழைய சேமிப்பையும் தொட வைக்கும். தழையைத் தின்று பலம் பெற்ற நுண்ணுயிரிகள், நைட்ரஜன் தேடி மண்ணில் பல காலமாக இருந்த மட்கையும் உடைக்கத் தொடங்குகின்றன. இதற்குத் தூண்டல் விளைவு என்று பெயர். பசுந்தாள் உரத்தை மண்ணில் சேர்க்கும்போது இப்படி நடப்பதை 1926லேயே லோனிஸ் என்பவர் கவனித்திருக்கிறார். கழிவு போட்ட பின் வெளிவரும் வாயு முழுதும் கழிவிலிருந்தே வந்தது என்று நினைப்பது தவறு என்பதற்காகச் சொல்கிறேன். அதற்காகக் கழிவே போடாமல் இருப்பது தீர்வல்ல. வரவே இல்லாத மண் எப்படியும் மெலிந்துகொண்டுதான் போகும்.

நீண்ட கால நிலவரம் இன்னும் சுவாரசியமானது. அமெரிக்காவின் ஹார்வர்ட் காட்டில் 1991லிருந்து மண்ணுக்குள் சூடேற்றும் கம்பிகளைப் பதித்து, சுற்றுப்புறத்தைவிட 5 டிகிரி அதிகமாகவே வைத்துப் பார்த்தார்கள். 26 ஆண்டு முடிவுகள் 2017ல் வெளிவந்தன. கார்பன் இழப்பு ஒரே சீராக ஏறவில்லை. முதலில் வேகமாகப் போயிற்று, பிறகு பல ஆண்டுகள் அடங்கியது, மறுபடி ஏறியது, மறுபடி அடங்கியது. எளிய உணவு தீர்ந்ததும், நுண்ணுயிர்க் கூட்டமே மாறி முரட்டு உணவுக்குப் பழகியதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அது காட்டு மண், நம் பாத்தி அல்ல. ஆனாலும் கியூ10 என்ற ஒற்றை எண்ணை வைத்துப் பல பத்தாண்டுகளுக்குக் கணிப்பு சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதை அது காட்டிவிட்டது.

## சிங்கப்பூர் பாத்தியில் எதைக் கவனிப்பது?

நம் ஊரில் மாதச் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுக்க இரண்டு டிகிரி அளவுக்குத்தான் ஏறி இறங்குகிறது. இங்கிலாந்து விவசாயிக்குக் குளிர்காலத்தில் மண் தூங்குகிறது, கோடையில் விழிக்கிறது. நமக்கு அது எப்போதும் விழித்தே இருக்கிறது. அதனால் ஒரு பாத்திக்கும் பக்கத்துப் பாத்திக்கும் உள்ள வேறுபாட்டைத் தருவது பெரும்பாலும் உணவும் நீரும்தான். வெப்பத்தை நாம் நினைக்கும் அளவுக்குக் குறை சொல்ல முடியாது.

நீர் இரண்டு விதமாக வேலை செய்கிறது. காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் நுண்ணுயிர்ச் சுவாசம் சட்டென்று எழும். கென்ய மண்ணில் இதை விரிவாக ஆராய்ந்து 1958ல் எழுதிய பர்ச் பெயராலேயே அதைக் குறிப்பிடுகிறார்கள். மாறாக டிசம்பர், ஜனவரி அடைமழையில் பாத்தியில் தண்ணீர் தேங்கினால் ஆக்சிஜன் உள்ளே போகாது. சுவாசம் தளரும், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் வேலையை எடுத்துக்கொள்ளும், நாற்றமும் மீத்தேனும் வரும். அழுகல் கெடுதல் என்ற பயம் பொருந்துவது இந்த நிலைக்குத்தான். வடிகால் சரியாக இருந்தால் அந்தப் பயம் வேண்டாம்.

வெயிலில் கிடக்கும் வெற்று மண்ணின் மேற்பரப்பு 40 டிகிரியைத் தாண்டுவது உண்டு. அந்த அளவில் பல நுண்ணுயிரிகளின் வேலை ஏறுவதற்குப் பதில் இறங்கத் தொடங்கும், மண்ணும் காய்ந்துவிடும். கழிவை மூடாக்காக மேலே பரப்பினால் மண் குளிர்ந்து ஈரம் நிற்கும். மண்ணோடு கலந்துவிட்டதைவிட மேலே கிடக்கும் கழிவு மெதுவாகவும் மட்கும்.

குப்பைத்தொட்டிதான் நல்லது என்ற பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வீட்டுக் குப்பை எரியாலைக்குப் போகிறது, சாம்பல் செமாக்காவ் தீவுக்கு. எரியும்போது கழிவின் கார்பன் ஏறக்குறைய முழுதும் அன்றே காற்றில் கலந்துவிடும். எரியாலையில் மின்சாரம் எடுக்கிறார்கள், சரி. ஆனால் தண்ணீர் நிறைந்த வாழைத்தண்டில் அதற்கு எவ்வளவு கிடைக்கும்? மண்ணில் போட்டால் பெரும்பகுதி மூச்சாகப் போனாலும் ஒரு பங்கு தங்குகிறது, நுண்ணுயிர் வளர்கிறது, சத்து செடிக்குத் திரும்புகிறது. நோய் தாக்கிய செடிகளை மட்டும் விலக்கிவிடலாம்.

பச்சைத் தழையையும் முற்றிய தட்டையையும் கலந்து போடுவது நல்லது. இலையிலுள்ள நைட்ரஜன் தட்டையை மட்க வைக்க உதவும். தட்டையை விரல் நீளத்துக்கு நறுக்கினால் பூஞ்சை உள்ளே நுழைய வழி கிடைக்கும். தட்டையோ வைக்கோலோ மண்ணோடு கலப்பதாக இருந்தால், நாற்று நடுவதற்குச் சில வாரம் முன்பே கலந்துவிடுங்கள். அந்த இடைவெளியில் நைட்ரஜன் பஞ்சம் தணியத் தொடங்கியிருக்கும். காத்திருக்க முடியாவிட்டால் கலக்காமல் மேலேயே பரப்புங்கள், வேருக்குப் போட்டி குறையும்.